நீலக் கோடு

குலசேகரம் கடையில் அப்பா
சனிக்கிழமைதோறும் ஒரு ரப்பர் ஷீட்டில்
நீலச் சாக்பீஸால் கோடு இழுப்பார்.
அது நம்முடையதல்ல.
பால்வெட்டு நின்ற மழை மாதத்தில்
எடை போட்டு யாருக்கோ போகும்.

அக்கா டெல்பின் நர்ஸாக மலாவி போனாள்.
சோள மாவுக்கு நிற்கிற பெண்களைச் சொல்லி
ஒருநாள் போனில் அழுதாள்.
முதல் சம்பளத்தில் பாதி நான்கு ஆடுகளாயிற்று.
மச்சான் சேர்ந்தார். மஸ்கட்டிலிருந்து
சித்தப்பா மகன்கள் மூன்று பேர்.
இப்போது ஐந்து நாடு, அறுநூறு ஆடு,
மடகாஸ்கரில் இரண்டு கிணறு
(ஒன்றில் உப்பு),
நாகர்கோவிலில் ஆடிட்டர்.
நான் கணக்கு.

ஆனி மழையில் றோஸம்மாள் வந்தாள்,
எங்கள் தோட்டத்துப் பால்வெட்டுக்காரி.
இரண்டாயிரம் கேட்டாள்.
நாட்டைத் தேர்ந்தெடுக்காமல்
கணினியில் அடுத்த பக்கம் திறக்காது.
எழுந்து புகைப்புரைக்குப் போனேன்.
வரிசையாய்த் தொங்கின ஷீட்டுகள்,
புளித்த வாடையோடு.
எதிலும் கோடில்லை.
எந்தச் சனிக்கிழமை நிறுத்தினோம்?

மேசை இழுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
"கடன்னு எளுது" என்றாள்.
எழுதி முடிக்கும்வரை நகரவில்லை.

மார்கழியில் ஆயிரத்து எண்ணூறு கொண்டுவந்தாள்,
பால்கறை ஒட்டிய நோட்டுகள்.
"மிச்சம் எரநூறு
அந்த ஆட்டுக்காரிகளுக்காக்கும்.
இனி கேக்கப்பிடாது."

மார்ச்சில் ஆடிட்டர் விரல் வைத்தார்:
இந்த இருநூறு வாராக்கடனா?
நன்கொடை, என்றேன்.
சரி, ரசீது போடணும். பெயர்?
றோஸம்மாள்.
இனிஷியல்?

இருபத்திரண்டு வருஷமாய்
எங்கள் மரங்களில் அவள் கத்தி.

விசாரித்துச் சொல்கிறேன், என்றேன்.