கொண்டுபோட்டன்

புதுக்கடை மேல் நீதிமன்றில் எனக்கு
ஒரு முக்காலி, ஒரு தண்ணீர்ப் போத்தல்.
பதினொரு வருசம் ஊரார் குற்றங்களை
என் வாயால் செய்திருக்கிறேன்.
களவெடுத்தேன், கத்தி செருகினேன்,
ஒருமுறை மாமியாரின் தேத்தண்ணியில் பொலிடோல் கலந்தேன்.
எல்லாம் தன்மை ஒருமையில்.
பின்னேரம் பஸ்ஸில் தொங்கி வெள்ளவத்தை, சோறு, நித்திரை.

எனக்கு முன் பேரின்பம் இருந்த முக்காலி இது.
மாசியில் அவரைப் பேரை வாவியில் எடுத்தார்கள்,
கூழைக்கடாக்கள் ஒதுங்கும் மூலையில்,
சப்பாத்துக் கயிறு அவிழாமல்.
வழுக்கி விழுந்தார் என்றது அறிக்கை.
காலிமுகத்திடலில்கூட அலை தெறிக்காத தூரத்தில்
கடலை கொறிக்கிற மனிதர்.
லாச்சிக்குள் அவர் விட்டுப்போனது
கறையான் தின்று மிச்சமான ஒரு வழக்கேட்டின் நகல்.

ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்துமூன்று, ஐப்பசி.
செட்டியார் தெருக் கம்பனியின் காசாளர் அந்தோனிப்பிள்ளை
பின்வளவுக் கிணற்றடியில், மண்டை பிளந்து.
நாட்டாமை தில்லையர், ஊர் அனலைதீவு,
அரிசி மூட்டை சுமந்த முதுகில் அவரை ஏற்றி
ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினார்.
மூச்சிருக்குதென்று நினைத்தாராம்.
கூண்டில் கேட்டார்கள், என்ன செய்தாய்?
கொண்டுபோட்டன்.

எங்கட வாய்க்கு அது ஒரே சொல்.
கொன்றவனும் கொண்டுபோட்டான்,
சுமந்தவனும் கொண்டுபோட்டான்.
துரைக்கு இரண்டும் வேறு வேறு.
முதலியார் சவரிமுத்து
ஒன்றைத் தெரிந்தெடுத்தார்.
வெலிக்கடை, மார்கழி, விடியப்புறம்.
தாளின் ஓரத்தில் பேரின்பத்தின் பென்சில்:
கம்பனிக் கணக்கு, அதே கிழமை,
பேச்சுக்கூலி ரூபா நூற்றைம்பது.

கிணறு இப்போது லிப்ட் குழி.
நில அளவையாளர் லியனவடுகே அதற்குள் கிடந்தார்,
தூர்ந்த மண்ணில் பழைய மண்டையோடு ஒன்றைக்
கண்டதாகச் சொன்ன மறுநாள்.
கம்பனி மூன்றுதரம் பெயர் மாற்றியிருக்கிறது,
வளவை மாற்றவில்லை.
இரவுக் காவலாளி யசிந்தன், விசுவமடு, இருபத்துநாலு வயசு,
அவரைத் தூக்கிவந்து கேற்றடியில் கிடத்தினான்.
பொலிசு எழுதிய வாக்குமூலத்தில் அதே சொல் இருந்தது.

மூன்று இரவு நான் கண்ணாடி முன் பழகினேன்:
கனம் நீதிபதி அவர்களே, இந்தச் சொல்லுக்கு இரண்டு கதவு.
சிங்களத்தில் சொன்னேன், குரல் நடுங்காமல் சொன்னேன்.
இன்று காலை படலையில் ஒரு கடித உறை செருகியிருந்தது.
திறக்கவில்லை. தடிப்பு விரலுக்குத் தெரிந்தது.

கேள்வி வந்தது. தமிழாக்கினேன்.
பொடியன் பின்வாங்கைப் பார்த்தான்.
அங்கே வெள்ளைச் சேட்டு ஒன்று
மடியில் கைகோத்து இருந்தது.
பிறகு, வாசிப்புப் போட்டிக்கு வந்த பிள்ளைபோல்,
எழுத்தெழுத்தாக:
நான் அவரைக் கொன்றேன்.

கொன்றேன்.
விசுவமடுவில் எந்த நாக்கு இப்படிப் புரளும்?
றகரத்தை அழுத்தி, ஏகாரத்தை நீட்டி,
யாரோ இருட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்த இலக்கணம்.
ஒரேயொரு கதவு.
மொழிபெயர்க்க மிகச் சுலபம்.

தட்டச்சுக்காரி விரல்களை அந்தரத்தில் வைத்திருந்தாள்.
நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
நான் போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தேன்.
ஐயா, என்றேன்,
இது இவனுடைய சொல் இல்லை.

வெள்ளைச் சேட்டு எழும்பியது.
என் முகத்தை ஒருதரம், ஆறுதலாக, பார்த்தது.
பாடமாக்கிக்கொண்டு வெளியே போனது.

மணி மூன்றே கால்.
என் பஸ் பேரை வாவியைத் தொட்டுத்தான் போகும்.