பெஞ்சலய்யாவின் எழுபது கிலோ

தடாவில், லாரி ஷெட்டுக்கு மேல்மாடி.
மூடிப்போன ரிசார்ட்டில் ஏலத்துக்கு எடுத்த கனோ
அறைக்குள் நுழையவில்லை.
மாடிப்படியில் மூக்கை நீட்டிக்கொண்டு கிடக்கிறது,
அடிவயிற்று விரிசலில் எம்-சீல் காய.

வெங்காய மண்டியில் இரவல் வாங்கிய தொங்கு தராசு
ஜன்னல் கம்பியில்.
ஒவ்வொன்றாகத் தொங்குகின்றன
ஏரியில் எங்கள் மூன்று இரவுகள்:
தார்ப்பாய் நாலு கிலோ. ஸ்டவ் ஒன்றரை.
குணசீலனின் பைனாகுலர் எண்ணூறு கிராம்;
பூநாரை பார்க்காமல் நான் எதுக்கு வரணும் என்கிறான்.
அரிசியை விட்டு அவலுக்கு மாறினோம்.
அவல் எடையில் இளைத்து இடத்தில் பெருத்தது.

படகு தாங்குவது இருநூற்று எண்பது.
என் உடம்பைச் சொல்லும்போது மட்டும்
மூன்று கிலோவை விழுங்கினேன்,
தராசு என்னைத் தூக்காது என்ற தைரியம்.

சூலூர்பேட்டை ஜெராக்ஸ் கடையில்
வரைபடத்துக்குப் பிளாஸ்டிக் போர்த்தினோம்.
மாநில எல்லை ஏரிக்குள்
விட்டு விட்டுப் போகிறது, தையல் பிரிந்த மாதிரி.
"கோட்டைப் பாக்காதே, கழியைப் பாரு" என்றார் பெஞ்சலய்யா.
"தண்ணி கணுக்கால், சேறு இடுப்பு.
இறங்கித் தள்ளலாம்னு நினைக்காதே.
பத்து மணிக்கு வாடை ஏறும்,
அதுக்குள்ள துடுப்பை வெச்சிடணும்."
பாதிப் பேச்சு தெலுங்கு.
சேற்றை மட்டும் இரண்டு மொழியிலும் சொன்னார்.

நடு இருக்கை அவருடையது.

நேற்று ராத்திரி போன்.
கம்பெனியில் ஷிஃப்டை மாற்றிவிட்டார்கள்,
பொங்கல் வரைக்கும் லீவு இல்லை.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
அப்புறம் கணக்கு முடிக்கிறவர் குரலில்,
"என் எழுபது கிலோவுக்கு
நல்ல தண்ணி எடுத்துக்கோங்க.
அங்கே ஒரு வாய் குடிக்க ஆகாது."

இருபது லிட்டர் கேன் மூன்று, பத்தில் ஒன்று.
மாடிப்படியிலேயே ஏற்றிப் பார்த்தோம்,
உருளாமல் லுங்கி சுற்றிக் கட்டி.

குணசீலன் பென்சிலில் எழுதுகிறான்:
முதல் நாள் மாலை இருபது குறையும்.
மூன்றாம் நாள் படகு நாலு விரல் மேலே வரும்,
காற்று பிடிக்கும்,
காலிக் கேனில் ஏரித் தண்ணீர் நிரப்பிச்
சமன் செய்ய வேண்டும்.

அந்த வரியில் பென்சில் நின்றது.
"உப்புத் தண்ணி கனம் ஜாஸ்தி இல்ல?"

ஆமாம். திரும்பி வரும்போது
பெஞ்சலய்யா கொஞ்சம் பருத்திருப்பார்.

எம்-சீலில் விரல் வைத்துப் பார்த்தேன்.
இன்னும் ஒட்டுகிறது.