இருபத்துநான்காவது வண்டி

சக்காவோ நீரிணையைக் கடக்க முப்பது நிமிடம்.
சீட்டுக் கிழிக்கப் பத்து.
மீதி இருபது என்னுடையது.

முதல் குளிர்காலம் முழுக்கக்
காணொளிதான் பார்த்தேன்.
யாரோ ஒருவன் மளமளவென்று தட்டத் தட்ட
எல்லாம் புரிந்தது.
அவனை அணைத்துவிட்டு
வெற்றுத் திரை முன் உட்கார்ந்த இரவில்
ஒரு வரி வரவில்லை.
அடுத்தவர் நீந்துவதைப் பார்த்து
நனைந்துவிட்டதாக நினைத்திருக்கிறேன்.

நடுக்கடலில் சிக்னல் கிடையாது.
அதனால் நோட்டு, பென்சில்.
தீவுக்குப் போகும்போது நிரல் எழுதுவேன்,
திரும்பும்போது அதன் கீழே
என்ன விடை வருமென்று என் ஊகம்.
கணினி அன்கூதில், வீட்டில்.
இரவு ஓட்டிப் பார்த்து
ஊகம் பொய்த்த இடத்தில் சிவப்பு வட்டம்.
ஆகஸ்ட் மாதப் பக்கங்களுக்கு
அம்மை போட்டிருந்தது.

வட்டமிட்டதை மறுநாள்
பார்க்காமல் சொல்லிப் பார்ப்பேன். பிறகு வியாழன்.
பிறகு, மறந்தே போயிருக்கும் என்று
பயம் வருகிற ஒரு நாள்.
கயிறு வீசும் நோல்பெர்த்தோ கேட்டான்:
"ஜெபமா, எர்சிரா? உதடு அசைகிறதே."
கிட்டத்தட்ட, என்றேன்.

எழுதியது பெரிதாக ஒன்றுமில்லை.
தளத்தில் ஏறும் வண்டிகளை எண்ண வேண்டும்.
இருபத்துநான்கு ஏற்றினால்
இருபத்துமூன்று என்றது.
ஆறு நாள்.
எழுத்துப்பிழை இல்லை,
அடைப்புக்குறிகள் ஜோடி ஜோடியாக நின்றன.
விடையை எங்காவது தேடி எடுத்திருக்கலாம்.
வீம்பு.

ஏழாம் நாள் மழை.
காஸ்த்ரோ போகும் லாரியில் செம்மறிகள்.
கம்பி வழியே மூக்கை நீட்டிய ஒன்றிடம்
வரி வரியாக விளக்கினேன்:
இதோ பார், ஒன்றில் தொடங்குகிறேன்,
ஒவ்வொன்றாகக் கூட்டுகிறேன்,
இருபத்துநான்குக்கு முன்னால் நிறுத்

அது மென்றுகொண்டே இருந்தது.

ஆறு நாளாகக் கடைசி வண்டியைக்
கரையில் விட்டுவிட்டுக்
கப்பலை எடுத்திருக்கிறேன்.

அன்று நோட்டு மழையில் கூழாயிற்று.
வீட்டில் நினைவிலிருந்து எழுதினேன்.
பதினேழு வரி இருந்தது
ஒன்பதில் முடிந்தது.
மற்ற எட்டும் எதற்கு இருந்தன என்று
இன்னும் தெரியவில்லை.

காலையில் நோல்பெர்த்தோ
சரிவுப்பலகையைத் தூக்கச் சைகை கேட்டான்.
இரு, என்றேன்.
மேட்டில், சாரலுக்குள்,
ஒரு சிவப்பு வேன்
விளக்கைப் போட்டுப் போட்டு
அணைத்துக்கொண்டிருந்தது.