என்ஜினுக்கு முதுகு

திண்டுக்கல் பாசஞ்சரில் ஏறினால்
அம்மா எப்போதும்
என்ஜினுக்கு முதுகு காட்டும் பலகையில்தான் உட்காருவாள்.
எதிர்க்காற்றும் கரித்தூளும் அவள் கண்ணுக்கு ஆகாது
என்பார் அப்பா.
யாரும் கேட்காதபோதும் சொல்வார்.

வைகைப் பாலம், கூடல் நகர் கைகாட்டி,
சமயநல்லூர்ப் புளியமரங்கள்
எனக்கு வந்துகொண்டிருந்தன,
அவளுக்குப் போய்க்கொண்டிருந்தன.
சோழவந்தானில் வெற்றிலைக் கூடைகள் ஏறும்வரை
ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

அவள் போனபின்
தையல் மெஷின் இழுப்பறையில், பாபின்களுக்கு அடியில்
ஒரு கடிதம். நாற்பத்து நாலு, பிப்ரவரி.
ஊர்ப்பெயர் இருந்த இடத்தைத்
தணிக்கைக்காரன் பிளேடால் எடுத்திருந்தான்;
ஓட்டை வழியே என் விரல் தெரிந்தது.

எழுதியவர் சூசைமாணிக்கம்.
ஞானஒளிவுபுரம் கோயிலில்
அவருக்கும் அம்மாவுக்கும் இரண்டு ஓலை வாசித்தாயிற்று.
மூன்றாவது, லீவு கிடைத்ததும்.

"குண்டு போடுகிற விமானத்தில் நாங்கள் இரண்டே பேர்.
ஓட்டுகிறவர் பஞ்சாபி. போகிற இடம் அவருக்குத் தெரியும்.
நான் துப்பாக்கியோடு வாலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.
எனக்குத் தெரிவதெல்லாம் விட்டுவந்த இடம்.
புறமுதுகு என்று உன் அண்ணன் சிரிப்பார்.
துரத்தி வருகிறவனுக்கு நெஞ்சைக் காட்ட
இதைவிட நல்ல இடம் இல்லை என்று சொல்."

மார்ச்சில் தந்தி வந்திருக்கிறது.
அதற்கடுத்த வருஷம்
அப்பாவின் பெயரோடு மூன்று ஓலையும்
முதலிலிருந்து வாசித்தார்கள்.

ரங்கூனுக்கு வடக்கே, தௌக்கியானில் கிடக்கிறார்.
தேக்கு வாங்கப் போன நண்பர் படம் அனுப்பினார்:
தாழ்ந்த கல்லில் வெண்கலத் தகடு.
சூசை ஒற்றை எழுத்தாய்ச் சுருங்கி
மாணிக்கம் மட்டும் முழுசாய். வயது இருபத்து மூன்று.
தகட்டின் மேல்
புல் வெட்டுகிறவரின் தொப்பி நிழல்.

ஒன்றுவிட்ட சகலைக்கும் பெயர் வைத்திருக்கிற மொழி இது.
வந்திருந்தால் நான் பிறந்திருக்கமாட்டேன் என்கிற ஆளை
என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது?
என் பேரன் வயது அவருக்கு.

கல்லறைத் திருநாளில்
அப்பா வாங்கும் மெழுகுத்திரிகளில்
எங்கள் வீட்டுக் கல்லறைகளுக்குப் போக ஒன்று மிஞ்சும்.
பெரிய சிலுவையின் அடியில்,
வேற்றூரில் புதைந்தவர்களுக்கான இடத்தில் நட்டு
பிடித்து எரியும்வரை கைகளால் மறைத்துக் குந்தியிருப்பார்,
மில் சங்கு ஊதினாலும் எழாமல்.
யாருக்குப்பா என்றேன் ஒருமுறை.
"கடன்" என்றார்.
மில்லில் யாரிடமோ வாங்கியிருக்கிறார் என்று
வெகுநாள் நினைத்திருந்தேன்.

இந்த வருஷம் மழை.
மூன்று குச்சி நமத்துப்போய், நாலாவது பிடித்தது.
பெருங்குடிப் பக்கம் இறங்கிய மாலை விமானத்தை
யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை, நானும்.
திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் முன்னால் இடமில்லை.
பின்பக்கம் பார்த்த பலகையில் உட்காரச் சொன்னான்.
"பெரியவரே, தலை சுத்துமே" என்றாள் பூக்கூடைக்காரி.
பரவாயில்லை என்று
கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.