எங்கே விழுந்தது

செப்டம்பரில் முதல் திங்கள், காலை எட்டு மணி.
கண்ணாடித் தடுப்பின் வட்ட ஓட்டைக்கு எதிரே
வாய்கள் வரிசையில் நிற்கின்றன.
முகம் பார்க்க வேண்டுமென்றால் நான் குனிய வேண்டும்.
பெரும்பாலும் குனிவதில்லை.

உறுப்பினர் அட்டை எடுங்கள்.
பாதுகாப்பு வகுப்புக்குப் போன சான்று.
வில்லின் இழுவிசை நாற்பது பவுண்டுக்குக் குறையக் கூடாது.
மரத்தில் பரண் கட்டினால் பரணில் உங்கள் பெயர்.
சோளம் கொட்டி, உப்புக்கட்டி வைத்து மானைக் கூப்பிடாதீர்கள்,
நீங்கள் தருவது விருந்தல்ல.
சூரியன் மறைந்து பதினைந்து நிமிடம்,
அதோடு நாணிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும்.
"சூரியன் உங்க ஆபீஸ் கடிகாரத்தப் பாத்தா இறங்குது?"
வருடா வருடம் கேட்பார் லூதர் கோகீ.
வருடா வருடம் அட்டவணையை ஓட்டைக்குள் தள்ளுவேன்.

பதினோராவது ஆள் அட்டை எதையும் நீட்டவில்லை.
"அந்த இன்னொரு படிவம்" என்றான்.
குரலில் தெரிந்தது, டோபின்.
நான் பெற்றவன்.

நாரை ஏரிப் பதிவேட்டில் ரத்தம் பின்னத்தில் இருக்கிறது.
கால் பங்கு இருந்தால் ஒஜிப்வே உறுப்பினர்.
எனக்குக் கால்.
அவன் அப்பா துலூத் துறைமுகத்தில் தானியம் ஏற்றிய
ஸ்வீடன்காரர் ஒருவரின் பேரன்.
ஆகவே டோபினுக்கு அரைக்கால்.
அவன் மகள் வில்லாவுக்கு வீசம்.
அரைக்காலில் நிற்பவர்களுக்கு இந்த ஜன்னலில்
மஞ்சள் படிவம், எண்பத்தைந்து டாலர்,
ஒரு பெட்டை மான், கொம்பு உள்ளது கூடாது.

எண்ணி வைத்தான். ஐந்து டாலர் குறைந்தது.
என் கைப்பையைத் தொடாமல் காத்திருந்தேன்.
லாரிக்குப் போய் சில்லறையாக அள்ளி வந்தான்.
தாயும் பிள்ளையும்தான்.
ரசீது வேறு.

அக்டோபர் கடைசி வாரம் மழை.
மறுபடி வந்தபோது முழங்கால்வரை சேறு.
"பெட்டை. இருபத்திரண்டு கெஜம். விலாவுக்குப் பின்னால்.
நம்ம பக்கம் அடிச்சேன்.
ஓடி, கவுண்டி ரோட்டைத் தாண்டி
ஹாகென் வீட்டுச் சோளக்காட்டில் விழுந்துச்சு."

விதி ஒன்பது, உட்பிரிவு இரண்டு:
எல்லை தாண்டிய மானைப் பின்தொடர
அந்த நிலத்துக்காரர் அனுமதி வேண்டும்.

நின்றானாம்.
வெள்ளைக்கோட்டுக்கு இந்தப் பக்கம், மழையில்,
இரண்டு மணி நேரம்.
அந்தப் பக்கம் முப்பது அடியில் மான் கிடந்தது,
காது மட்டும் தாள்களுக்கு மேலே தெரிந்தது.
மழை ரத்தத் தடத்தைச் சாலையில் கழுவிக்கொண்டிருந்தது.
எது இங்கிருந்து போன துளி, எது அங்கே சொட்டியது
என்று பிரித்துச் சொல்ல வார்டன் எவரெட் சூலியேவாலும்
முடியவில்லை, டார்ச் அடித்துப் பார்த்தும்.
ஹாகென் அம்மா சந்தையிலிருந்து திரும்பி
"எடுத்துக்கோ, ஈரலை எனக்குக் கொடு" என்றாராம்.

கொடுத்திருக்கிறான்.
புகையிலை ஒரு சிட்டிகை போட்டிருக்கிறான்.
அதற்குப் படிவத்தில் இடமில்லை.

"வீழ்ந்த இடம்" என்று ஒரு கட்டம்.
கணினி இரண்டே பதில் வாங்கும்:
உள்ளே, வெளியே.
பத்தொன்பது வருடமாக யோசிக்காமல் அழுத்துகிற விசை.
எவரெட்டைப் பார்த்தேன்.
அவர் தொப்பியிலிருந்து தண்ணீரை உதறுவதில் மும்முரமாக இருந்தார்.

கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு
சீட்டையும் கம்பியையும் எடுத்துக்கொண்டு
வெளியே போனேன், அது என் வேலையில்லைதான்.
லாரியின் பின்தட்டில் வில்லா குந்தியிருந்தாள்,
மழைக்கோட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு,
மானின் திறந்த கண்ணில் தண்ணீர் விழாதபடி
உள்ளங்கையை மேலே பிடித்தபடி.

"இதை எங்கே கட்டணும்?" என்று கேட்டாள்.

"பின்னங்காலில்," என்றேன்.
"எலும்புக்கும் நரம்புக்கும் நடுவே இடைவெளி இருக்கும் பார்.
இறுக்கிப் பிடி."
கம்பியை முறுக்கும்வரை
அந்தக் காலை அவள் விடவில்லை.