விழப் பழகும் வகுப்பு

முப்பத்தோராண்டு பாலக் காவலன் நான்.
படகு வந்தால் பாலத்தைத் தூக்குவேன்,
போனதும் இறக்குவேன்.
பனி உறைந்த இரும்புப் படிகளில்
ஒருநாளும் கால் தவறியதில்லை.
தவறியது வீட்டில்,
கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவே,
விளக்குப் போடச் சோம்பிய பின்னிரவில்,
கம்பளத்தின் சுருண்ட ஓரத்தில்.

நாலரை மணி நேரம் தரையில் கிடந்தேன்.
அலமாரிக்கு அடியில்
என்றோ தொலைத்த சட்டைப் பித்தான் தெரிந்தது.
கை எட்டவில்லை.
விடிந்ததும் நாற்காலியைப் பிடித்து எழுந்தேன்.
மகள் சீப்ரிக் தொலைபேசியில்,
"என்னப்பா, குரல் கம்மியிருக்கு?"
"ஜன்னலை மூட மறந்துட்டேன்."
மீசையில் மண் ஒட்டவில்லை.
கம்பளத்து நூல் ஒன்று ஒட்டியிருந்தது,
சிவப்பு.

அதன்பின் கவனமாக நடந்தேன்.
கவனம் என்று நான் பெயர் வைத்த பயம்.
அடி குறுகிற்று.
மீன் சந்தைக்குப் போவதை விட்டேன்,
பிறகு படியிறங்குவதையே.
தூக்காத பாலத்தின் கீல் போல
இடுப்பு துருவேறியது.
விழாதிருக்க நான் செய்ததெல்லாம்
விழுவதற்கான ஏற்பாடு என்றாள்
லேவார்டன் மருத்துவமனைப் பெண்.
தூக்க மாத்திரையைப் பாதியாக்கி,
கண்ணாடியை மாற்றி,
செவ்வாய்தோறும் இந்தக் கூடத்துக்கு
வரும்படி எழுதிக் கொடுத்தாள்.

பதினொரு பேர் வரிசையில் நின்று
நீல மெத்தைமேல் விழுகிறோம்.
தாடையை நெஞ்சில் புதை.
தோளால் உருள்.
கையில் இருப்பதை விடு.
கடைசிதான் யாருக்கும் வரவில்லை.
ரின்ஸ்கெ கைப்பையோடுதான் விழுகிறாள்;
அதில் சாவி, மருந்துச் சீட்டு, அரை ரொட்டி.
மாட்டுப்பண்ணை வைத்திருந்த ஹோய்ட்டெ
விழும்போதெல்லாம் மெத்தையிடம்
மன்னிப்புக் கேட்கிறார்.
ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னபோது
எட்டு எண்ணுவதற்குள் சாய்ந்து
அவர் தோளைப் பற்றினேன்,
அவர் என் தோளை.
இருவரும் விழவில்லை.
பயிற்றுநர் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கம்பளம் ஆக்கெ வாங்கியது.
அவள் போன பிறகும்
அவள் நடந்த தேய்வு அதிலுண்டு.
எறிய மனமில்லை. சுவரில் மாட்டிவிடலாம்.
ஆணி, சுத்தியல் எடுத்து
முக்காலியில் ஒரு காலை வைத்தேன்.
முன்வைத்த காலைப் பின்வைக்காதவன் என்று
துறைமுகமே சொல்லும் என்னை.
பின்வைத்தேன்.
எதிர்வீட்டுப் பையனிடம் போய்
"ஒரு நிமிஷம் வருவாயா" என்று கேட்க
இன்னும் ஒரு வாரம் ஆயிற்று.

கொஞ்சம் கோணலாகத்தான் அடித்தான்.
பரவாயில்லை.
போகிற போக்கில்
அலமாரியையும் நகர்த்தச் சொன்னேன்.