மறு உத்தரவு வரும் வரை

பதினோரு மாதத்துக்கு ஒருமுறை
ஒரு நாள் மட்டும் எனக்கு வேலை இருக்காது.
அலுவலகம் அதை ‘இடைவெளி’ என்று எழுதும்.
இந்த முறை இடைவெளி தொடங்கிப் பத்தொன்பது நாள்.

அதற்கு நடுவிலும் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள்.
ராமநாதபுரத்தில் மூன்று நாள் திறன் மேம்பாடு,
ஏசி ஓடாத ஏசி அரங்கு.
“கற்பிக்காதீர்கள், கற்றலுக்கு வழிவிடுங்கள்”
என்றார் மதுரையிலிருந்து வந்தவர்.
வட்டமாக உட்கார்ந்து ஒரு நூல் உருண்டையை
ஒருவர் மடியில் ஒருவர் எறிந்துகொண்டோம்.
யார் மடியில் விழுகிறதோ
அவர் தன் பலத்தைச் சொல்ல வேண்டும்.
தேவிபட்டினம் பௌசியா, பதினான்கு வருட அனுபவம்:
“வீட்டுக்காரருக்கு மலேசியாவில் வேலை.”
பயிற்சியாளர் மட்டும்தான் சிரித்தார்.

படிவத்தில் கடைசிக் கேள்வி:
ஐந்தாண்டில் உங்களை எங்கே காண்கிறீர்கள்?
‘சின்ன ஏர்வாடி’ என்று எழுதினேன்.
கொஞ்சம் யோசித்து, கேள்விக்குறி போட்டேன்.

சான்றிதழ் பௌசியாவுக்கு ஒன்பதாவது, எனக்கு ஐந்தாவது.
மதிப்பூதியம் ஆடியிலிருந்து பாக்கி.
ஊதியம் என்றால் கேட்டு வாங்கலாம்;
முன்னால் ‘மதிப்பு’ ஒட்டியிருப்பதால்
கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

இரவு ஏழரை, மீன் ஏலக்கூடம்.
பாசி எடுத்துவிட்டு வந்த பெண்கள்,
பாறை கிழிக்காமலிருக்கச் சுற்றிய விரல்துணியை
அவிழ்க்காமலே உட்கார்ந்திருக்கிறார்கள்.
புதுப் புத்தகம் வரவில்லை.
பையில் இருந்த அச்சு,
போன வருட நியமனக் கடிதம் ஒன்றுதான்.
வாசிக்கக் கொடுத்தேன்.

முத்திருளாயி எழுத்தெழுத்தாக மிதித்து நடந்தாள்.
ம… று… உத்… தர… வு…
துணியின் ஈரம் ‘வரை’யில் ஊறியது.

“வரைன்னா எந்தத் தேதி டீச்சர்?”
“தேதி இல்ல.”
“கடலையே மூடுறாக,
ஜூன் பதினாலு நடுராத்திரி தெறந்துவிடுறாக.
புயலுக்குக்கூடக் கூண்டு ஏத்தி நம்பர் சொல்றாக.
ஒங்க தாளுல ஒண்ணுமா இல்ல?”

வெளியே வாடை. ஏலத் தராசின் தட்டு
தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

அவளே என் பேனாவை வாங்கி
ஓரத்து வெள்ளையில் எழுதிக் கோடிழுத்தாள்:
தெதி ______

“இன்னும் ஒரு சுழி வேணும், கொம்புல” என்றேன்.
நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டாள்.
கீழக்கரைக்குக் கடைசிப் பேருந்து ஒன்பது பத்துக்கு.